எத்தனாலும் நம் வயலும்: வேலூர்ப் பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் இப்போது கரும்பு பேச்சு எடுத்தாலும் மக்காச்சோளப் பேச்சு எடுத்தாலும் நடுவில் பெட்ரோலில் கலக்கிற எத்தனால் வந்து நிற்கிறது. "அரசாங்கமே வாங்குதாம், இனி நமக்கு நல்ல காலம்" என்கிறார் ஒருவர். "வண்டியெல்லாம் கெட்டுப்போகுதாம்" என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறைய மிகையும் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

எத்தனாலும் சாராயமும் ஒன்றுதானா?

சரக்கு ஒன்றுதான். சாராயத்தில் போதை தருவது எத்தனால். எரிபொருளுக்குப் போவதில் தண்ணீர் ஏறக்குறைய இருக்கவே கூடாது, 99.5 சதவீதத்துக்கு மேல் சுத்தமாக இருக்க வேண்டும். அது குடிப்பதற்கான பொருள் அல்ல. மெத்தனால் என்பது முற்றிலும் வேறு, அது விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். பெயர் ஒரே மாதிரி ஒலிப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் ஊர் பங்கில் போடும் பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் இருக்கிறது?

இப்போது 20 சதவீதம். அதைத்தான் இ20 என்கிறார்கள். திட்டம் 2003-லேயே 5 சதவீதக் கலப்போடு தொடங்கியது, ஆனால் பல வருடங்கள் தூங்கிக்கொண்டே இருந்தது. 2018-இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வந்தது, எத்தனாலுக்கான ஜிஎஸ்டியும் 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதன்பின் வேகம் பிடித்தது. 2022 ஜூனில் நாடு 10 சதவீதத்தைத் தொட்டது. 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-26-க்கே முன்கொண்டு வந்தார்கள், 2025-இலேயே எட்டியும்விட்டார்கள். தமிழ்நாடு அரசும் 2023-இல் தனியாக ஒரு எத்தனால் கொள்கை வெளியிட்டது.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

சர்க்கரையை ஈஸ்ட் தின்று எத்தனாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுதாக நொதித்தால் கணக்குப்படி 92 கிராம் எத்தனாலும் 88 கிராம் வாயுவும் வரும். சர்க்கரையின் எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் எத்தனால், மீதி காற்றோடு போய்விடுகிறது. கரும்புச் சாற்றிலும், ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகிலும் சர்க்கரை தயாராக இருக்கிறது, நேரே ஈஸ்ட் போடலாம். மக்காச்சோளத்திலும் அரிசியிலும் இருப்பது மாவுச்சத்து. அதை அரைத்து, வேகவைத்து, நொதிகளைச் சேர்த்து முதலில் சர்க்கரையாக உடைக்க வேண்டும். தானிய ஆலையில் செலவு கூடுவது இந்த இடத்தில்தான்.

நொதித்து முடிந்த ஊறலில் எத்தனால் பத்து சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். அதைக் காய்ச்சி வடித்தால் எடைக்கணக்கில் சுமார் 95.6 சதவீதம் வரை ஏறும். அதற்கு மேல் எத்தனை தடவை வடித்தாலும் ஏறாது, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்தே ஆவியாகும். கடைசித் தண்ணீரை உறிஞ்ச ஜியோலைட் மணிகள் நிரப்பிய தொட்டிகள் வழியாக ஆவியைச் செலுத்துகிறார்கள்.

தோட்டத்திலேயே காய்ச்சி பம்புசெட்டுக்கு ஊற்றிக்கொள்ள முடியாதா?

முடியாது, கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ஆம் ஆண்டுச் சட்டம். வட ஆர்க்காட்டில் 1939-லேயே மதுவிலக்கு வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் வடித்தால், "மோட்டாருக்குத்தான் சார்" என்று சொல்வதை எந்தக் காவல் நிலையமும் கேட்காது. ஜவ்வாது மலையோரத்து ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. உரிமம் வாங்கலாமே என்றால், மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வெடிபொருள் பாதுகாப்புத் துறை என்று வரிசை நீளும். அது கோடிக்கணக்கில் முதல் போடுகிறவர்களுக்கான வேலை.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கும். வீட்டு அடுப்பில் வடித்ததில் தண்ணீர் இருக்கும், அது பெட்ரோலோடு சேராது. நம்மிடம் இருப்பதோ டீசல் டிராக்டர், டீசல் எஞ்சின், இல்லையென்றால் மின் மோட்டார். எத்தனால் டீசலோடு சரியாகக் கலக்காது. எரிக்கிற விறகு விலையையும் சேர்த்துப் பாருங்கள், அப்புறம் அந்த ஆசை தானாகப் போய்விடும்.

ஒரு ஏக்கரிலிருந்து எவ்வளவு எத்தனால் வரும்?

எந்தப் பயிர் என்பதைப் பொறுத்தது. கரும்பில், எந்த வழியில் போகிறது என்பதையும் பொறுத்தது.

ஒரு டன் கரும்பில் சர்க்கரையை முழுதாக எடுத்துவிட்டு, மிஞ்சும் கழிவுப்பாகை மட்டும் நொதிக்கவைத்தால் 10 அல்லது 11 லிட்டர். சர்க்கரையே எடுக்காமல் சாற்றை அப்படியே எத்தனாலுக்கு விட்டால் சுமார் 70 லிட்டர். இடையில் 'பி ஹெவி' என்று ஒரு வழி உண்டு. சர்க்கரையைக் கொஞ்சம் பாகிலேயே விட்டுவிட்டு, அந்தக் கெட்டிப்பாகை நொதிக்கவைப்பது. ஏக்கருக்கு 40 டன் விளைகிறது என்று வைத்தால் கழிவுப்பாகு வழியில் 400 லிட்டரைச் சற்றுத் தாண்டும், சாறு வழியில் 2,800 லிட்டர்.

மக்காச்சோளம் டன்னுக்கு 380 லிட்டர், குருணை அரிசி 450 லிட்டர் அளவு தரும். இறவையில் நன்றாக விளைந்த ஏக்கரில் இரண்டரை டன் மக்காச்சோளம் எடுத்தால் 950 லிட்டர்.

கரும்புதான் ஜெயிக்கிறது என்று தோன்றும். பொறுங்கள். கரும்பு 10 முதல் 12 மாதம் நிலத்தில் நிற்கும், மக்காச்சோளம் 100, 110 நாளில் வீட்டுக்கு வந்துவிடும். கரும்புக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும், மக்காச்சோளத்துக்கு 500, 600 போதும். நம் பக்கம் ஆண்டு மழையே 1,000 மில்லிமீட்டரை ஒட்டித்தான். மீதியை போர்வெல்லில்தான் எடுக்க வேண்டும். கரும்பு வழியில் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று நிதி ஆயோக் 2021 அறிக்கை சொல்கிறது. பாலாற்றில் மணலைத் தவிர ஒன்றும் தெரியாத ஆண்டுகளில் இந்த எண்ணை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏரிப்பாசனமோ மோர்தானா கால்வாய்த் தண்ணீரோ கிடைக்கிறவர்கள் கதை வேறு. ஆயிரம் அடிக்குப் போர் போட்டவர்கள் எத்தனாலை நம்பிக் கரும்பைக் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் ஆலைக்குக் கரும்பு பதிவு செய்கிறவன். எத்தனாலால் எனக்கு டன்னுக்கு எவ்வளவு கூடும்?

நேரடியாக ஒன்றும் கூடாது. இதுதான் பலருக்கு ஏமாற்றம்.

கரும்பு விலை எஃப்.ஆர்.பி. என்கிற மத்திய அரசின் நியாயமான ஆதாய விலைப்படி வருகிறது. அது சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது நூறு கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்பதைப் பார்க்கிறது, எத்தனாலைப் பார்ப்பதில்லை. 2024-25 பருவத்தில் 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் கட்டுமானம் உள்ள ஆலைகளுக்கு டன் 3,151 ரூபாய். தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகையாக 349 ரூபாய் சேர்த்ததால் 3,500 ஆனது. 2025-26-க்கு 10.25 சதவீதக் கட்டுமானத்தில் டன் 3,550 ரூபாய், 9.5-க்குக் கீழே 3,290 ரூபாய் சொச்சம்.

லாபத்தில் பங்கு என்று ஒரு முறையும் உண்டு. 2012-இல் ரங்கராஜன் குழு சொன்னது, ஆலையின் சர்க்கரை வருமானமும் முதல்நிலை உபபொருள்களின் வருமானமும் சேர்த்து 70 சதவீதத்தை விவசாயிக்குக் கொடு என்று. முதல்நிலை உபபொருள் என்றால் சக்கை, கழிவுப்பாகு, ஆலைக்கழிவு மண். கழிவுப்பாகிலிருந்து வடிக்கும் எத்தனாலும் சக்கையிலிருந்து வரும் மின்சாரமும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. முதல் போட்டவனுக்குத்தான் அந்த ஆதாயம் என்பது ஆலைக்காரர்கள் வாதம். கரும்பைப் போட்டவனும் முதல் போட்டவன்தானே என்பது நம் பக்கத்துக் கேள்வி. சங்கக் கூட்டங்களில் இதை இன்னும் உரக்கக் கேட்கலாம்.

மறைமுக நன்மை ஒன்று இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் எத்தனாலுக்குச் சீக்கிரம் பணம் கொடுக்கின்றன. சர்க்கரை மூட்டை கிடங்கில் தேங்குவது போல இது தேங்காது. அதனால் ஆலையின் கையில் காசு புரளும், கரும்புப் பணம் நிலுவையில் நிற்பது குறையும். சட்டப்படி கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் வர வேண்டும், தாண்டினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. வட்டி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

அம்முண்டி, கேத்தாண்டப்பட்டிக் கூட்டுறவு ஆலைகளுக்குப் போகும் கரும்பும் எத்தனால் ஆகிறதா?

எந்தச் சர்க்கரை ஆலையிலும் கழிவுப்பாகு வந்தே தீரும், கரும்பின் எடையில் நான்கு, நான்கரை சதவீதம். வடிப்பாலை, அதாவது எத்தனால் வடிக்கும் பிரிவு, இருக்கும் ஆலை தானே வடிக்கும், இல்லாதது பாகை விற்றுவிடும். கூட்டுறவில் உடுமலைப் பக்கத்து அமராவதி ஆலையிலும் மோகனூர் சேலம் கூட்டுறவு ஆலையிலும் வடிப்பாலை உண்டு. விற்ற பாகு எரிபொருளாகிறதா, டாஸ்மாக் கடைக்கு வரும் சரக்காகிறதா என்பது வாங்குகிறவர் கையில்.

அப்படியானால் கரும்பை விட்டு மக்காச்சோளத்துக்கு மாறிவிடலாமா?

தண்ணீர் குறைவான இடத்தில் மாறலாம். ஆனால் "எத்தனால் ஆலை என்ன விலையும் கொடுக்கும்" என்று நம்பி மாறாதீர்கள். காரணத்தைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

2024-25 எத்தனால் ஆண்டில் மக்காச்சோள எத்தனாலுக்கு அரசு வைத்த விலை லிட்டர் 71 ரூபாய் 86 காசு. இருக்கிற எத்தனால் வகைகளில் அதிக விலை அதற்குத்தான், கழிவுப்பாகு எத்தனாலுக்கு 57 ரூபாய் 97 காசுதான். ஒரு டன்னில் 380 லிட்டர் என்றால் ஆலைக்கு வருவது சுமார் 27,300 ரூபாய். 2025-26-க்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 2,400 ரூபாய். டன்னுக்கு 24,000. மிச்சம் 3,300 ரூபாயில் நீராவி, நொதி, கூலி, வங்கி வட்டி எல்லாம் அடங்க வேண்டும். வடித்தபின் மிஞ்சும் தீவனப் பிண்ணாக்கு விற்று வருகிற காசுதான் ஆலையைக் காப்பாற்றுகிறது. ஆக, எத்தனால் விலை அப்படியே இருக்கும்வரை குவிண்டாலுக்கு 2,400-ஐத் தாண்டித் தர ஆலைக்கு வலு குறைவு. அதைவிட அதிகம் கிடைத்தால் அது பெரும்பாலும் நாமக்கல் கோழித் தீவனக்காரர்களின் போட்டியால் கிடைத்ததாக இருக்கும். அவர்களுக்கு இது தலைவலி. விற்கிற நமக்கு ஒன்றுக்கு இரண்டு கிராக்கி.

அரசாங்கத்தின் மனம் மாறுவதையும் கணக்கில் வையுங்கள். 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழக அரிசியை எத்தனாலுக்குத் தருவதை நிறுத்தினார்கள். அதே வருடம் டிசம்பர் 7-இல், சர்க்கரை உற்பத்தி குறையும் என்று கரும்புச் சாற்றை எத்தனாலாக்கத் தடை போட்டார்கள், கொஞ்ச நாளில் பாதி தளர்த்தினார்கள். 2024 ஆகஸ்டில் இரண்டு கதவையும் திறந்தார்கள். அடுத்த பருவத்தில் கழக அரிசியைக் கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு எத்தனால் ஆலைகளுக்குக் கொடுத்தார்கள். மலிவு அரிசி கிடைத்தால் ஆலை நம் மக்காச்சோளத்தை ஏன் தேடும்? நடுகிற போது இருக்கிற கொள்கை அறுக்கிற போது இருக்கும் என்று சொல்ல முடியாது. ரேஷனுக்கு வாங்கிய அரிசி வண்டி டேங்குக்குப் போவது சரிதானா என்பது பெரிய கேள்வி. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. நொய்யும், பூச்சி தின்ற பழைய இருப்பும் போகட்டும், அதில் தப்பில்லை.

வயலில் வேறு தொல்லைகளும் உண்டு. 2018-இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு இன்னும் போகவில்லை, முளைத்த இரண்டாவது வாரத்திலிருந்தே குருத்தைப் பார்க்க வேண்டும். பேரணாம்பட்டு, குடியாத்தம் காட்டோரத்தில் பன்றி ஒரு பக்கம், கவுண்டின்யா காட்டிலிருந்து இறங்கும் யானை ஒரு பக்கம். யானைக்குக் கரும்பும் பிடிக்கும் என்பதால் பயிர் மாற்றி அதனிடமிருந்து தப்ப முடியாது. ரகம், விதைப்புப் பருவம் பற்றி விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலும், கரும்பு என்றால் மேல்ஆலத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலும் நேரில் கேட்பது நல்லது.

மழையில் நனைந்து பூசணம் பிடித்த தானியத்தை ஆலை எடுத்துக்கொள்ளுமா?

உடைந்ததை, நிறம் மாறியதை எடுப்பார்கள். சேதமடைந்த தானிய எத்தனாலுக்குத் தனி விலையே இருக்கிறது, 2024-25-இல் லிட்டர் 64 ரூபாய். பூசணம் கடுமையாகப் பிடித்தது வேறு விஷயம். அஃப்லடாக்சின் நஞ்சு எத்தனாலுக்குள் போகாது, மிஞ்சும் தீவனத்தில் தங்கிவிடும். மாவுச்சத்து போய் எடை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவதால் நஞ்சு மூன்று மடங்கு அடர்த்தியாகிவிடும். அதைத் தின்ற மாட்டின் பாலிலும் அது வரும். அதனால் விவரம் தெரிந்த ஆலை பரிசோதித்துத்தான் வாங்கும்.

அந்தத் தீவனம் கறவை மாட்டுக்கு நல்லதா? பொய்கைச் சந்தையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமைச் சந்தையில் மாடு வாங்கலாம், தீவன யோசனை கால்நடை மருத்துவரிடம் வாங்குங்கள். ஒரு டன் மக்காச்சோளம் வடித்தால் சுமார் 300 கிலோ உலர் தீவனம் மிஞ்சும். வியாபாரத்தில் அதை டிடிஜிஎஸ் என்பார்கள். மக்காச்சோளத்தினதில் புரதம் 25 முதல் 30 சதவீதம், அரிசியினதில் 45 வரை போகும். கடலைப் பிண்ணாக்கை விட மலிவு. கலப்புத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் வைத்துக்கொண்டு, ஒரு வாரத்தில் மெல்லக் கூட்டினால் மாடு பழகிவிடும். நிறம் பொன்மஞ்சளாக இருக்க வேண்டும். கருத்துப்போய்க் கருகல் வாடை அடித்தால் அதிகச் சூட்டில் உலர்த்தியது, புரதம் செரிக்காது. ஈரமாகவே மலிவாகத் தருகிறார்கள் என்று டிராக்டரில் ஏற்றி வந்தால், நம் கத்திரி வெயிலில் இரண்டு மூன்று நாளில் புளித்துக் கெட்டுவிடும்.

மரவள்ளி, இனிப்புச் சோளம், கேழ்வரகு இவற்றில் எடுக்க முடியாதா?

முடியும். மரவள்ளிக் கிழங்கு டன்னுக்கு 160 லிட்டருக்கு மேல் தரும், ஆனால் சேலம் ஜவ்வரிசி ஆலைகளோடு விலையில் மோத வேண்டும். இனிப்புச் சோளத் தண்டு டன்னுக்கு 40, 50 லிட்டர், வெட்டிய உடனே பிழியாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். கேழ்வரகைச் சாப்பிடுங்கள்.

கரும்புச் சோகையை, வைக்கோலை எரிக்கிறோமே, அதில் எடுக்கலாம் என்கிறார்களே?

எடுக்கலாம், ஆனால் இங்கே இல்லை. ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் 2022 ஆகஸ்டில் அப்படி ஒரு ஆலை திறந்தது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் என்பது திட்டம். நாரை உடைத்துச் சர்க்கரையாக்குவது மாவை உடைப்பதை விடப் பல மடங்கு கடினம், செலவும் அதிகம். நம் வைக்கோலுக்கு மாடு இருக்கிறது. சோகையைத் தூளாக்கி வயலிலேயே பரப்பினால் ஈரம் காக்கும்.

எங்கள் ஊரில் எத்தனால் ஆலை வந்தால் தண்ணீர் கெடுமா?

கேட்க வேண்டிய கேள்வி. கழிவுப்பாகிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் வடித்தால் 8 முதல் 15 லிட்டர் கருங்கழிவு நீர் வரும். ஸ்பென்ட் வாஷ் என்பார்கள். நாற்றம் பிடித்தது, ஆற்றில் விட்டால் மீன் மிஞ்சாது. அதில் சாம்பல் சத்து ஏராளம் என்பது இன்னொரு பக்கம். கெட்டியாக்கி எரித்த சாம்பலைப் பொட்டாஷ் உரமாக விற்கவும் செய்கிறார்கள். சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி.

விதி இருப்பதும் நடப்பதும் வேறு என்று வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கழிவு நமக்குச் சொல்லிவிட்டது. கெடுத்தவனே பணம் கட்ட வேண்டும் என்ற கொள்கையை 1996-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய தீர்ப்பே வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கில்தான் வந்தது. ஆகவே பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் போங்கள். நாளுக்கு எவ்வளவு தண்ணீர், எங்கிருந்து, கழிவைக் காய்ச்சும் கொதிகலனின் கொள்ளளவு எவ்வளவு, அது பழுதானால் வடிப்பு நிற்குமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் வரும்வரை உட்காராதீர்கள்.

ஒரு ஆலையின் பசியையும் தெரிந்துகொள்ளுங்கள். நாளுக்கு 60,000 லிட்டர் வடிக்கும் சின்ன தானிய ஆலைக்கே நாளுக்கு 158 டன் மக்காச்சோளம் வேண்டும். வருடத்தில் 330 நாள் ஓடினால் 52,000 டன், அதாவது 20,000 ஏக்கருக்கு மேல். அவ்வளவும் நம் வட்டாரத்தில் விளையப் போவதில்லை. லாரியில் வெளியிலிருந்து வரும். "உள்ளூர் விவசாயி பயன்பெறுவார்" என்று அறிவிப்பில் போட்டிருந்தால் இந்த எண்ணோடு வைத்துப் பாருங்கள்.

இ20 போட்டால் என் பழைய பைக் கெட்டுவிடுமா? மைலேஜ் குறைகிறதே?

மைலேஜ் குறைவது உண்மை. எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 10 சதவீதக் கலப்பிலிருந்து 20-க்குப் போகும்போது சக்தி மூன்றரை சதவீதம் அளவு இறங்கும், லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடிய வண்டி 48-க்கு மேல் ஓடும். பாதியாகக் குறைந்துவிட்டது என்றால் கார்புரேட்டரைப் பாருங்கள். 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளின் பாகங்கள் இ20-க்கு ஏற்றவை. அதற்கு முந்தையவற்றில் ரப்பர் குழாயும் வாஷரும் சீக்கிரம் தேயலாம், சர்வீஸின்போது மாற்றிக்கொள்ளலாம். இன்னொன்று, எத்தனால் தண்ணீரை இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாத வண்டியில், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையில், டேங்கைப் பாதியாக விட்டு வைக்காதீர்கள். எத்தனால் அளவைக் கூட்டியபோது பழைய வண்டிக்காரர்களுக்கு 10 சதவீதப் பெட்ரோலையும் விட்டு வைத்திருக்கலாம். அதே விலை வாங்கிக்கொண்டு சக்தியைக் குறைத்தால் கோபம் வரத்தானே செய்யும்?

ஆலை முகவர் வந்து மக்காச்சோளத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்கிறார். என்ன பார்க்க வேண்டும்?

முதலில் விலை. "சந்தை விலை" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தச் சந்தை, எந்த நாள் என்று எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கீழே இறங்காத ஒரு அடிவிலையும் வேண்டும். ஈரப்பதம் 14 சதவீதம் என்று வைத்தால் அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், லாரி வந்து நின்றபின் பேசினால் நாம்தான் இறங்கிப் போவோம். எடை எங்கே போடுவது, சாக்குக் கழிவு எவ்வளவு, ஏற்றுக்கூலி யாருடையது, பணம் எத்தனை நாளில் வங்கிக் கணக்குக்கு வரும் என்பதும் அதே தாளில் வரட்டும். விதையும் உரமும் கடனாகத் தருகிறேன் என்றால் கடை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆலை வாங்க மறுத்தால் வெளியே விற்க உரிமை உண்டா என்பதை மறக்காமல் கேளுங்கள். இதையெல்லாம் எழுதித் தர முகவர் தயங்கினால், கையெழுத்தை நிறுத்திவிட்டு அறுவடை வரை பொறுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அன்றைய ஏல விலையைக் கேட்டுவிட்டு அங்கேயே போட்டுவிடலாம்.